சராசரிப் பிள்ளையின் சித்தப்பா

சராசரிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் வைத்திருக்க மாட்டீர்கள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவரிடம், "இந்தப் பக்கம் பிள்ளைகளெல்லாம் எப்படி இருக்கிறார்கள்?" என்று சும்மா ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சாதாரண மனிதராக இருந்தால் தன் பிள்ளையைப் பற்றிப் பெருமை அடிப்பார், இல்லையென்றால் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் புறம் பேசுவார். சராசரிக்காரர் அப்படியில்லை. டீயைக் கீழே வைப்பார், தோள்பையிலிருந்து டேப்லெட்டை எடுப்பார், அதைச் சட்டை நுனியில் துடைப்பார், விரலால் இப்படியும் அப்படியும் தள்ளுவார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், தொண்டையைச் செருமுவார், அப்புறம், "போன காலாண்டுக்கு இந்தக் காலாண்டு பரவாயில்லை" என்பார். டீ ஆறிப்போயிருக்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனே, எப்படி? அந்த இனத்தில் ஒருவர் என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார். வடக்குப்பட்டை ஒட்டிப் புதிதாக எழும்பியிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் இரண்டாவது மாடி. தணிகாசலம் மூன்றாவது மாடி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலேயே ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர். கம்பெனிகள் லாபத்தில் கொஞ்சம் ஊருக்கும் செலவழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதில்லையா, அந்தப் பணத்தில் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் நலனைக் கண்காணிக்க ஒரு நல்ல மனிதர் தேவைப்பட்டார். இவரைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

அவருக்குக் குழந்தைகளைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. போல்ட்டைப் பற்றித் தெரியும். போல்ட்டை எடை போடுவார்கள், நீளம் பார்ப்பார்கள், மொத்தமாகக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள், தேறினால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், தேறாவிட்டால் சிவப்பு. குழந்தைக்கும் எடை இருக்கிறது, நீளம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? ஊர் ஊராகப் போய் எடை போட்டார், கையின் சுற்றளவை நாடாவில் பிடித்தார், வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டா, வண்டி உண்டா, தரை சிமெண்டா டைல்ஸா என்று கேட்டுக் கேட்டு டேப்லெட்டில் தட்டினார். ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வரைபடம் மாட்டினார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். காலையில் விளக்கேற்ற வருகிற அவர் மனைவி மரகதம் முதலில் எதைக் கும்பிடுவது என்று குழம்பிப் போனதாக என் வீட்டில் வந்து சொன்னார்.

இவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பச்சைக் குழந்தையைப் பார்த்தால் நாமெல்லாம் கன்னத்தைத் தொட்டு, "யாரு தங்கம் நீ?" என்போம். இவர், "எத்தனை மாசம்?" என்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பிள்ளை எத்தனை அப்பளம் எடுக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனார்கள். அங்கே முருகன் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பான். எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, "முருகா!" என்றபோது இவர் மட்டும் அண்ணாந்து பார்த்து, "வயசுக்கு ஏத்த உயரம். பிரச்சினை இல்லை" என்றாராம். மரகதம் சத்தியம் பண்ணிச் சொல்கிறார்.

தாத்தா என்று கூப்பிட்டால் மட்டும் பிடிக்காது. மீசைக்கு மை போடுகிற மனிதரைத் தாத்தா என்றால் கோபம் வராதா? எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகளிடம், "நான் உங்க சித்தப்பா. சித்தப்பான்னு கூப்பிடணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அவையும் கூப்பிடும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நல்ல மனிதர்தான் ஐயா, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அவர் உண்மையிலேயே உருகி உருகி நேசித்தது வேறொரு பிள்ளையை. ஒரு சாயங்காலம் லிஃப்டில் பார்த்தபோது முகமெல்லாம் சிரிப்பாக, "நம்ம பையன் நல்லா தேறிட்டான் சார், போன மாசத்துக்கு இருநூறு கிராம் ஏறியிருக்கான்" என்றார். அவர் பேரன் பகலவனைச் சொல்கிறார் என்று நினைத்து வாழ்த்தினேன். "பகலவன் இல்லை சார். வடக்குப்பட்டுச் சராசரி" என்றார். அன்றிலிருந்து அந்தச் சராசரிப் பிள்ளையை எனக்கும் தெரியும். அவனுக்கு வயது மூன்றே கால். கூடப் பிறந்தது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். வீட்டில் முக்கால் ஃபிரிட்ஜ், அரை டைல்ஸ் தரை. அம்மாவில் பாதி வேலைக்குப் போகிறாள், மீதிப் பாதி வீட்டில் இருந்து அவனைப் பார்த்துக்கொள்கிறாள். கொடுத்து வைத்த பிள்ளை. அழுவதே கிடையாது.

எடை மிஷினைத் தூக்க ஆள் கிடைக்காத ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வடக்குப்பட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற வீடுகளில் ஒன்று ரத்னாவுடையது. ரத்னா செல்போன் பாகம் கோர்க்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். மதியம் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. புருஷன் ரகு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், துறைமுகம் எப்போது விடுகிறதோ அப்போது வருவான். நாலு வயதில் காவேரி என்று ஒரு பெண். அங்கன்வாடி மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும்?

அதைத்தான் தணிகாசலமும் கேட்டார். கட்டத்தில் இருந்த கேள்வி: 'குழந்தை பாதுகாப்பான இடத்தில் இருக்கிறதா?' ரத்னா தலையைக் குனிந்துகொண்டு, டிவியைப் போட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டுதான் போவதாகச் சொன்னாள். தணிகாசலம் 'ஆம்' என்று தட்டினார். நான் எட்டிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "பூட்டியிருக்குல்ல சார்?" என்றார்.

பிறகு ஆலைப் பழக்கத்தில் 'ஏன்' கேட்க ஆரம்பித்தார். ஒரு போல்ட் உடைந்தால் ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் ஆணிவேர் கிடைத்துவிடுமாம். பிள்ளை ஏன் எடை குறைவு? சரியாகத் தின்பதில்லை. ஏன்? ஊட்டிவிட ஆள் இல்லை. ஏன்? செகண்ட் ஷிப்ட். ஏன் செகண்ட் ஷிப்ட்? ஃபர்ஸ்ட் ஷிப்ட் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஏன்?

ரத்னா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அத நீங்க தான் சார் கேட்டுச் சொல்லணும். பேண்ட்டு போட்டவங்க கேட்டா சொல்லுவாங்க."

ஐந்தாவது கட்டத்தில் 'இதர காரணங்கள்' என்று எழுதிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாவியாகிவிடுவேன். அந்தத் தடவை வடக்குப்பட்டு சிவப்பாகத்தான் விழுந்தது. தணிகாசலம் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் போய் உட்கார்ந்து, படம் போட்டுக் காட்டி, வாதாடி, சமுதாயக் கூடத்தில் மதியத்திலிருந்து ராத்திரி பஸ் வருகிறவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வாங்கிவிட்டார். மாலைக் கூடம் என்று பெயர். சொர்ணம்மாள் என்கிற ஊர்க்காரப் பெண்ணுக்கு அங்கே வேலை. பால் காய்ச்சிக் கொடுப்பாள், சோறு ஊட்டுவாள், பாயை விரித்துத் தூங்க வைப்பாள். காவேரியை வீட்டில் பூட்டுவது நின்றது. ரத்னா வேலை பார்க்கிற நேரத்தில் வேலையை மட்டும் நினைத்தாள். இதைச் செய்தது அந்த டேப்லெட்தான், அந்தச் சராசரிதான். மறுக்க முடியுமா?

அப்புறம் என்ன ஆயிற்று? நாங்கள் கணக்கில் சேர்ந்தோம். அதுதான் ஆயிற்று.

எங்கள் அடுக்குமாடி கணக்குப்படி வடக்குப்பட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே அடுத்த எடை முகாமில் எங்கள் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று தணிகாசலம் முடிவெடுத்தார். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. கீழே கிளப் ஹவுஸில் ஏசி போட்டு, பலூன் கட்டி, ஆளுக்கொரு கலர் பென்சில் பெட்டி கொடுத்து எடை பார்த்தார்கள். பாதாம் பாலிலும் வெண்ணெயிலும் வளர்ந்த எங்கள் செல்வங்கள் ஒவ்வொன்றாக மிஷினில் ஏறின. பகலவன் ஏறியபோது முள் ஒரு ஆட்டம் ஆடியதை நானே பார்த்தேன். அவன் அப்பா அம்மா பெங்களூரில் வேலையில் இருக்க, பாட்டியின் நெய்யும் பருப்புமாக வளர்கிற பிள்ளை. சராசரிப் பையன் ஒரே தாவில் மஞ்சளைத் தாண்டிப் பச்சைக்குப் போய் நின்றான். காவேரி பழைய எடையிலிருந்து பெரிதாக நகரவில்லை, ஆனால் அவள் ஊர் தேறிவிட்டது. பச்சை நிறக் கேக் வாங்கி வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது, தின்றேன்.

கூடத்துக்கான பணம் சிவப்பு ஊர்களுக்கு மட்டும்தான். மாதக் கடைசியோடு வடக்குப்பட்டுக் கூடத்தை மூடி, பாய், பால் குண்டான் எல்லாவற்றையும் அடுத்த சிவப்பு ஊருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. கேள்விப்பட்டதும் ரத்னாவும், அதே லைனில் வேலை செய்கிற ஷெர்லினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடிக்கு வந்தார்கள். ஷெர்லினின் பையன் பிரவீனுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. சத்தம் கேட்டு நானும் மேலே போனேன். வம்பு கேட்கத்தான், வேறென்ன?

ரத்னா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சார், லைன்ல எங்க தலைக்கு மேல ஒரு லைட்டு கீது. செவப்பு எரிஞ்சா சூப்பர்வைசர்ல இருந்து மேனேஜர் வரைக்கும் ஓடியாருவாங்க. பச்சை எரிஞ்சா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எங்க ஊருக்கு செவப்பே போட்டு வுடுங்க சார். எங்களுக்கு அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல."

தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. கம்பெனி விளக்கைப் பற்றி ஒரு பெண் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாளே என்று பூரித்துப் போனார். அந்த விளக்கை இந்த வட்டாரத்துக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் தானும் ஒருவர் என்று அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில், டேட்டாவில் கை வைப்பது பாவம், உணர்ச்சிவசப்படக் கூடாது, ட்ரெண்ட் நன்றாக இருக்கிறது என்ற மூன்று மந்திரங்களையும் வரிசையாகச் சொல்லி, மரகதம் போட்ட காப்பியைக் கொடுத்து வழியனுப்பினார். படியிறங்கும்போது ஷெர்லின் ரத்னாவிடம், "இன்னாக்கா பண்றது? திரும்பப் பூட்டிக்கினு போறதா?" என்று கேட்டாள். காவேரியை மறுபடி பூட்டுவது, இல்லையென்றால் வேலையை விடுவது, அவளுக்கு வேறு வழி இல்லை என்று நானும் நினைத்தேன். எனக்கும் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, ஆனால் கேக்கை மட்டும் முன்னாடியே தின்று முடித்திருந்தேன்.

கூடம் மூடிய மறுநாள் மதியம் எங்கள் கேட்டில் ஒரே கூட்டம். யூனிஃபார்ம் போட்ட பெண்கள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று பிள்ளைகள். வாட்ச்மேன் தடுத்து, யாரைப் பார்க்க வேண்டும், என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். ரத்னா காவேரியைக் காட்டி, மூணாவது மாடி தணிகாசலம் சார் இதுக்குச் சித்தப்பா முறை என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் ஒரே குரலில் ஆமாம் என்றன. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார்.

மேலே வந்து, பால் புட்டி, மாற்று ஜட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, மரகதத்திடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்த கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். தணிகாசலம் தூங்கி எழுந்து ஹாலுக்கு வந்தபோது அவருடைய தகவல்கள் மொத்தமும் தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தச் சாயங்காலத்தை என் வீட்டுக் கூரை வழியாகவே நான் முழுசாகக் கேட்டேன். ஓட்டம், விழுகை, கத்தல், எதுவோ உடைகிற சத்தம். கடைசியில் பொறுக்க முடியாமல் உதவிக்குப் போனேன். மரகதம் கிளறிக் கொடுத்த உப்புமாவைச் சமமாகப் பங்கு போட்டிருந்தார் தணிகாசலம். வந்தவர்களில் பெரிய பையனுக்கு அது ஒரு வாய், தட்டை நக்கிக்கொண்டிருந்தான். பிரவீனுக்கு அது ஒரு மலை, அதில் கையை விட்டு அழுதுகொண்டிருந்தான். சராசரியாக எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்கள். பகலவன் வந்தவர்களைப் பார்த்துக் குஷியாகித் தன் கார் பொம்மைகளை எல்லாம் கொட்டிவிட்டிருந்தான்.

காவேரி மட்டும் விளையாடவில்லை. வாசல் கதவருகிலேயே நின்றாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "எங்கம்மா பஸ்ஸு வந்துச்சா?" என்று கேட்பாள். வரும் என்பார் தணிகாசலம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பாள். மறுபடியும் வரும் என்பார். கதவு வழியாகக் காற்று வருகிறது என்று எழுந்து போய் அதைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார் மனுஷன். அவ்வளவுதான். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"பூட்டாத சித்தப்பா. நான் வெளிய போ மாட்டேன். இங்கயே நின்னுக்கினு இருக்கேன்."

அவர் தாழ்ப்பாளை எடுத்தார். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. மரகதம்தான் அடுப்படியிலிருந்து வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நம்ம மருமக பெங்களூர்ல நிம்மதியா வேலை பாக்கறான்னா, அவ பிள்ளைக்கு இங்க நான் ஒருத்தி இருக்கேன். பகலவனுக்குக் கூடம் நான்தான். அதை எடுத்துட்டுப் பச்சையா இருக்கானான்னு பாருங்க."

உடனே கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டார் தணிகாசலம். சுற்றி வளைக்கவில்லை. "சிவப்பு சார். வடக்குப்பட்டு சிவப்பு. உடனே ஆள் அனுப்புங்க" என்றார். அந்தப் பக்கம் அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, பச்சை என்றுதானே காட்டுகிறது, நீங்களே போட்டதாயிற்றே, டேட்டா பேசுகிறதே என்று சொன்னார் போலிருக்கிறது. அப்போது நம் மனிதர் சொன்ன வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். "டேட்டா கிடக்கட்டும் சார்" என்றார்.

இரண்டாம் நாள் கூடம் திறந்தது. பாய் திரும்பி வந்தது, சொர்ணம்மாள் திரும்பி வந்தாள். ரத்னா போகிற வழியில் காவேரியை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறுவதை என் பால்கனியிலிருந்து தினமும் பார்க்கிறேன். கதை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள். தணிகாசலம் திருந்திவிட்டார் என்று யார் சொன்னது? ஹாலில் வரைபடம் அப்படியே மாட்டியிருக்கிறது. வடக்குப்பட்டு அதில் இன்றைக்கும் பச்சைதான், பக்கத்தில் பொடி எழுத்தில் 'தற்காலிக விதிவிலக்கு' என்று எழுதியிருக்கிறது. சராசரிப் பையன் மாதாமாதம் எடை ஏறிக்கொண்டிருக்கிறான், லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தகவல் வருகிறது. அந்த வரைபடத்தில் இன்னும் பல பச்சை ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் கூடங்களை மூடினார்கள். அந்த ஊர்த் தாய்மார்கள் யாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு வரவில்லை. அங்கிருந்து எங்கள் பக்கம் வர நேர் பஸ் கிடையாது.

நீங்கள் தணிகாசலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் டேப்லெட் இல்லை, எடை மிஷின் இல்லை, நாடா இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வருவாளே, இல்லை உங்கள் ஆபீசைப் பெருக்க, இல்லை நீங்கள் கையில் வைத்திருக்கிற செல்போனைக் கோர்க்க. அவளுக்கும் ஒரு குழந்தை உண்டு. போன வாரம்கூட, "பிள்ளை எப்படிம்மா இருக்கு?" என்று அன்பாக விசாரித்தீர்கள். "நல்லாருக்குங்க" என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். அவள் இங்கே நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது என்று கேட்டீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, விடுங்கள். சராசரியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்.